கிணற்றில் பங்குள்ள வீடு

ஒஸ்லோவில் வீடு வாங்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கால்களுக்கு நீலப் பொலித்தீன் உறை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவருடைய படுக்கையறைக்குள் சரசரவென்று நடந்து திரிவார்கள். இதற்கு விஸ்னிங் என்று பெயர். வீட்டுக்காரர் இருக்கமாட்டார். வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைக்கவும் மாட்டார்கள். சுவரைத் தட்டுவார்கள், யன்னலைத் திறந்து மூடுவார்கள். போன வருசம் அப்படி ஒரு வீட்டுக்குப் போனபோது நான் நேரே குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் ஏந்தி ஒரு மிடறு குடித்தேன். வாய்க்குள் சற்று வைத்திருந்துதான் விழுங்கினேன். வீடு விற்கும் முகவர் ஓடிவந்து கண்ணாடிக் கோப்பை ஒன்றை நீட்டினார். எனக்குத் தாகம் என்று நினைத்துவிட்டார். "இல்லை, தண்ணீர் எப்படி என்று பார்த்தேன்" என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. குழாய்கள் எல்லாம் புதியவை, அறிக்கையில் எழுதியிருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு சோடி, நான் ஏதோ குற்றம் கண்டுபிடித்துவிட்டேன் என்று பயந்து, தாங்களும் ஆளுக்கொரு மிடறு குடித்துப் பார்த்தார்கள்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் வீடு பார்க்கப் போனால் முதலில் கிணற்றடிக்குத்தான் போவோம். கூரை ஒழுகினால் ஓடு மாற்றலாம், சுவர் வெடித்தால் பூசலாம், உப்புக் கரிக்கிற சவர்த்தண்ணீரை என்ன செய்வது? என் அப்பா நீர்வேலிக்காரர். நல்ல தண்ணீர் உள்ள ஊரில் பிறந்தவர்களுக்கு இருக்கவேண்டிய அத்தனை திமிரும் அவரிடம் இருந்தது. பெரியக்காவுக்கு மாப்பிள்ளை ஒரே பின்னேரத்தில் சரிவந்தது. சீதனமாகக் கொடுக்க ஒரு வீடு சரிவர ஒன்றரை வருசம் எடுத்தது. தரகர் காட்டிய ஒவ்வொரு வளவிலும் அப்பா ஒரு வாளி அள்ளிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். "வீடு சோக்கு. தண்ணி சவர். என்ரை பிள்ளை உதிலை தலை முழுகினால் ஒரு வருசத்திலை மொட்டையாப் போவாள்" என்பார். மாப்பிள்ளை பொறுமைசாலி, காத்திருந்தார். பிறகு அவருக்குத்தான் மொட்டை விழுந்தது, அதுவும் நல்ல தண்ணீரில் குளித்து.

அந்த அப்பாவின் மகளான நான் ஒஸ்லோவில் இருபத்தாறு வருசம் வாடகை வீட்டில் இருந்தேன். வசதி இல்லாமல் இல்லை. என் கணவர் தயா ஒவ்வொரு வருசமும் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இன்னும் ரெண்டு வருசத்திலை ஊருக்குப் போயிடுவம், இஞ்சை வீடு என்னத்துக்கு?" அந்த இரண்டு வருசத்தை நம்பி நான் திரைச்சீலைகூட நல்லதாக வாங்கவில்லை. எங்கள் மகள் பாலர் பாடசாலைக்குப் போனாள், பல்கலைக்கழகம் போனாள், வேலைக்குப் போய்ச் சொந்தமாக ஒரு வீடும் வாங்கிவிட்டாள். எங்களுடைய இரண்டு வருசம் மட்டும் வரவில்லை. கடைசியில், நாங்கள் இருந்த வீட்டை விற்கப்போவதாக வீட்டுக்காரர் கடிதம் போட்டார். மூன்று மாத அவகாசம். இனித் தப்ப வழியில்லை. எங்கள் கைக்கு ஒரு வீடுதான் கட்டும். அது ஒஸ்லோவிலா, யாழ்ப்பாணத்திலா என்று முடிவெடுக்க வேண்டும்.

நான் ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் வாங்கலாம் என்றேன். அங்கேதான் ஊர் உயிரோடு இருக்கிறது. கீழே இறங்கினால் சோமாலியாக்காரரின் இறைச்சிக் கடை, பக்கத்தில் வெண்டிக்காய் விற்கிற எங்கள் ஆட்களின் கடை, சனிக்கிழமை முழுக்கச் சத்தம், டிராம் வண்டி போனால் யன்னல் அதிரும். நொர்வேக்காரர்கள் இதையெல்லாம் குறையாகச் சொல்லித்தான் விலை பேசுவார்கள். எனக்கு இவைதான் வாங்குவதற்கான காரணங்கள். தயா திருநெல்வேலியில் வாங்கவேண்டும் என்றார். எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, பலாலி வீதிப் பக்கம். அதற்கு அவர் சொன்ன காரணங்களும் ஏறக்குறைய அவையேதான்: கீழே இறங்கினால் சந்தை, வாசலில் பஸ், எந்நேரமும் சனம். ஒரே மாதிரியான இரைச்சலைத் தேடி ஆளுக்கொரு கண்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழமை சண்டை போட்டோம். பிறகு, போய்ப் பார்க்காமல் சண்டை போட்டு என்ன பயன் என்று பயணச்சீட்டு வாங்கினோம்.

நீர்வேலியில் என் அண்ணையின் வீட்டில் தங்கினோம். அண்ணைக்கு வாழைத்தோட்டம். நகரத்து வீட்டைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. "உங்கை வாழைக்குலை வைக்கவும் இடமில்லை, ஆள் படுக்கவும் இடமில்லை" என்பதோடு முடித்துக்கொண்டார். புரோக்கர் கனகு அப்படியில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்த முன்னரே தொடங்கிவிட்டார். "ஐஞ்சு நிமிசத்திலை கம்பஸ். சந்தைக்கு நடந்து போகலாம். பின்னேரத்திலை கொத்துரொட்டிச் சத்தம் வீட்டுக்கையே கேக்கும். வருத்தமெண்டால் ஆஸ்பத்திரி கிட்ட, அதுக்கு மேலையெண்டால் சுடலையும் தூரமில்லை, அண்ணை." தயா இந்தக் கடைசிக் காரணத்துக்கு மிகவும் பணிவாகத் தலையாட்டினார். நொர்வேயில் முகவர்கள் வீட்டின் பழுதுகளை ஐம்பது பக்கத்தில் எழுதித் தருவார்கள், நனைந்த மூலை, தேய்ந்த பலகை எல்லாம் படத்தோடு இருக்கும். அந்தப் பழக்கத்தில் நான், "இந்த வீட்டிலை என்ன பழுது?" என்று கேட்டுவிட்டேன். கனகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தயாவிடம் மெல்ல, "அக்காவுக்கு ஆரேன் ஏதும் சொன்னவையோ?" என்று விசாரித்தார்.

வீடு நல்ல வீடுதான். விறாந்தையில் காற்று வந்தது, குசினி வெளிச்சமாக இருந்தது. வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கைதான் விசித்திரம். வாசலில் சீமெந்துச் சிங்கம் படுத்திருக்கும் மூன்று மாடி வீடு ஒன்று, கண் கூசுகிற எவர்சில்வர் கேற் போட்ட வீடு ஒன்று, எட்டுக் குளியலறை உள்ளதாகக் கனகு பெருமைப்பட்ட வீடு இன்னொன்று. எல்லாவற்றிலும் பூட்டு. கனடாவும் சுவிஸும் லண்டனும் வரிசையாக நின்றன. ஆறு மணிக்குக் காவலுக்கு இருக்கிற ஒருவர் சைக்கிளில் வந்து வீடு வீடாக விளக்கைப் போட்டுக்கொண்டு போனார். எட்டுக் குளியலறைக்கு ஒருவர்கூடக் குளிக்க இல்லை. சனம் நிறைந்த ஊர் என்று நாங்கள் வாங்க வந்த இடத்தில், எங்களைப் போன்றவர்கள் வாங்கியே சனத்தை ஒழித்துவிட்டிருந்தார்கள்.

நான் கிணற்றடிக்குப் போனேன். கிணறு இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்தது. காணி உறுதிப் பத்திரத்திலும் அப்படித்தான், கிணற்றில் அரைப்பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் என்று எழுதியிருந்தது. வாளியை விட்டு அள்ளி ஒரு மிடறு குடித்தேன். எனக்குச் சிலிர்த்தது. நகரத்துக்கு நடுவில் இப்படி ஒரு தண்ணீர் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்பா என்றால் வீட்டைப் பார்க்காமலே கையெழுத்து வைத்திருப்பார். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்த ஒரு மிடற்றில் நான் ஒஸ்லோவையும் மகளையும் மறந்துவிட்டேன். "வாங்குவம்" என்று தயாவிடம் சொன்னேன். அவர் முகத்தில் இருபத்தாறு வருசச் சந்தோஷம் ஒன்றாக வந்தது.

அப்போதுதான் மறுபக்கத்திலிருந்து வசந்தி வந்தாள். கிணற்றின் மற்றப் பாதி அவளுடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும், கம்பஸில் படிக்கும் ஆறு பெண்பிள்ளைகளுக்கு அறை கொடுத்துச் சாப்பாடும் போடுகிறவள், கையில் அகப்பையோடு வந்தாள். எங்கள் தேசவழமைச் சட்டப்படி பங்குக்காரருக்கு முதலில் சொல்லி, அவர் தனக்கு வேண்டாம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் வெளியாளுக்கு விற்கலாம். வாங்க அவளிடம் வசதியில்லை, கையெழுத்து ஒரு சடங்கு என்று கனகு சொல்லியிருந்தார். வசந்தி அப்படி நினைக்கவில்லை.

"கையெழுத்து வைக்கிறன், அண்ணை. ஆனால் நீங்கள் வந்து இருப்பியளோ, பூட்டி வைப்பியளோ? அதைச் சொல்லுங்கோ" என்றாள்.

"வந்து இருக்கத்தானே வாங்கிறம். இன்னும் ரெண்டு வருசத்திலை வந்திடுவம்" என்றார் தயா.

வசந்தி அகப்பையால் ஒழுங்கையைக் காட்டினாள். "உந்தச் சிங்கம் வைச்ச வீட்டுக்காரரும் ரெண்டு வருசம் எண்டுதான் சொன்னவர். எவர்சில்வர் கேற்றும் ரெண்டு வருசம். அவையின்ரை கிணத்தை எட்டிப் பாருங்கோ, பாசியும் நுளம்பும்தான். போன மாரிக்கு என்ரை பிள்ளையளிலை ரெண்டு பேர் டெங்கு வந்து ஆஸ்பத்திரியிலை கிடந்ததுகள். நுளம்பு என்ன, விசா எடுத்தே வாறது? இறைச்ச கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் எண்டு சும்மாவே சொன்னவை. நான் ஒரு ஆள் எவ்வளவத்தை இறைக்கிறது?"

தயா ஓய்வூதியம், இரட்டைக் குடியுரிமை, நேரடி விமானம் என்று ஏதேதோ விளக்கினார். வசந்தி கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. அண்ணை சொல்லுறது உண்மையோ?"

நான் தயாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்குப் பங்குனியில் குழந்தை பிறக்க இருந்தது. அவருடைய இருதய வைத்தியர் ஒஸ்லோவில் இருந்தார். எனக்கு அங்கே இன்னும் ஆறு வருச வேலை இருந்தது. இவை எல்லாம் இருவருக்கும் தெரியும், ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "ஓம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தக் கிணறு எங்களுடையது.

"இல்லை" என்றேன்.

கனகு தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஓட்டோவில் நீர்வேலிக்குத் திரும்பியதும் தயா அண்ணையின் தோட்டத்து வாய்க்கால் வரம்பில் போய்க் குந்திக்கொண்டார். நானும் பக்கத்தில் குந்தினேன். "நீ சொல்லாமல் இருந்திருக்கலாம்" என்றார். "சொல்லாமல் இருபத்தாறு வருசம் இருந்தாச்சு" என்றேன். பிறகு, "அப்ப நான் எங்கை சாகிறது?" என்று கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் இந்த மனிதனோடு அழுதுகொண்டிருந்தால் காரியம் நடக்காது. "முதல்லை இருக்கிற இடத்தைப் பாப்பம். சாகிற இடம் தன்ரை பாட்டிலை வரும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் எழும்பினார்.

திரும்பி வந்து, ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், டிராம் வண்டி அதிர்கிற தெருவில், நாலாம் மாடியில் வீடு வாங்கினோம். நான் குழாயில் மிடறு குடித்த அதே வீடு. நல்ல திரைச்சீலை போட்டேன். திருநெல்வேலி வீட்டைத் தெல்லிப்பழையைச் சேர்ந்த, கம்பஸில் வேலை செய்யும் ஒருவர் வாங்கி, மனைவியும் மூன்று பிள்ளைகளுமாக வந்து குடியேறினார். "இப்ப கிணறு ஓயுறேல்லை அக்கா" என்று வசந்தி வட்சப்பில் குரல் அனுப்பினாள். அவளோடு இப்படித்தான் பழக்கமானது. என்னை ஒரு வீடு வாங்கவிடாமல் செய்த பெண் எனக்குச் சிநேகிதி.

இந்த வருசம் பேத்தியைக் காட்ட ஊருக்குப் போனோம். புறப்படும் நாள் எதிர்வீட்டுக் கிரெத்தாவிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்தேன். பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்று கேட்டாள். செடி ஒன்றும் இல்லை, இரண்டு நாளைக்கு ஒருதரம் குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டால் போதும் என்றேன். "குழாயில் ஏதாவது பழுதா?" என்றாள். "ஒன்றுமில்லை. வீட்டில் தண்ணீர் ஓடவேண்டும்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் நொர்வேக்காரர் விளங்காத விசயத்தையும் சொன்னபடி செய்வார்கள். எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டாள். சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்த தயா நிமிராமலே, "இரண்டு கிழமையில் வந்துவிடுவோம்" என்றார். அவருடைய இரண்டு கிழமையை நான் உடனேயே நம்பினேன்.

திருநெல்வேலிக்கு வசந்தியைப் பார்க்கப் போன அன்று கிணற்றடியில் ஈரம் காயவில்லை. யாரோ ஒரு பிள்ளை தலை முழுகிவிட்டுப் போயிருந்தது. பேத்தி வாளிக்குள் கையை விட்டு அடித்தது. அந்த நேரம் என் போனில் கிரெத்தா ஒரு வீடியோ அனுப்பினாள். எங்கள் குசினி, எங்கள் குழாய், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சொல்லும் எழுதவில்லை. வசந்தி எட்டிப் பார்த்தாள்.

"ஆற்றை வீடு?"

"எங்கடை."

"நீங்கள் இஞ்சை நிக்கிறியள். அப்ப ஆர் இறைக்கிறது?"

"பக்கத்து வீட்டுக்காரி."

"அப்ப சரி" என்றாள் வசந்தி. பேத்தியிடமிருந்து வாளியை வாங்கி, புதிதாக ஒன்று அள்ளி என் கையில் ஊற்றினாள். குடித்தேன். நல்ல தண்ணீர்தான், இப்பவும்.