ஓடுகிற நரி நல்ல நரி

அஞ்சலாட்சி மூங்கில் கழியால் இரும்புக் கதவை இரண்டு தட்டுத் தட்டுகிறாள். முந்திரிப் புதருக்குள் சலசலப்பு. ஒரு நரி வாலைத் தாழ்த்திக்கொண்டு ஓடுகிறது, பின்னாலேயே இன்னொன்று. "ஓடு கண்ணு, ஓடு. ஒனக்கு ஒடம்பு நல்லாருக்கு." அதன் பிறகுதான் துடைப்பத்தை எடுப்பாள்.

பிள்ளைச்சாவடியிலிருந்து வந்து கடலோரக் கல்லூரி ஒன்றில் பதினோரு வருடமாகத் தோட்ட வேலை. வயது ஐம்பத்திரண்டு. அங்குள்ள செடிகளுக்கெல்லாம் உறவினர் பெயர். முள் நிறைந்த காகிதப்பூச் செடி, மாமியார். அதைக் கத்தரிக்கும் நாளில் உற்சாகம் கொஞ்சம் கூடுதல். நரிகளுக்கு மட்டும் பெயர் கிடையாது. "பேரு வச்சா கிட்ட வரும். கிட்ட வரவே கூடாது."

தை மாதத்தில் ஒன்று வந்துவிட்டது. காலை பத்து மணி, கேன்டீன் வாசல். ஆளாளுக்குப் போனில் படம் பிடித்தார்கள். பதவி உயர்வு உத்தரவுக்குக் காத்திருந்த எழுத்தர் ஜானகிராமன், நரியைப் பார்த்தால் நல்லது நடக்கும் என்று நம்புகிறவர். குனிந்து பிஸ்கட்டை நீட்டினார்.

"நம்மளத் தேடி வந்துருக்கு பாருங்க. ஆர்டர் வந்த மாதிரிதான்."

அஞ்சலாட்சி மாமியாரை விட்டு நிமிர்ந்தாள். நரியின் தாடை தொங்கியது. எச்சில் நூலாக இறங்கியது. பின்னங்கால்கள் ஒன்றையொன்று இடறின. கழியால் தரையைத் தட்டினாள். நரி ஓடவில்லை.

"சார், அதப் போட்டுட்டுப் பின்னால வாங்க. அது ஒங்களத் தேடி வரல. அதுக்கு ஆளே தெரியல. வெறி."

எல்லோரையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கல்லெடுத்தவனிடமிருந்து கல்லைப் பிடுங்கினாள். வனத்துறைக்குப் போன் போடச் சொன்னாள். பிறகு ஜானகிராமனைப் பார்த்தாள்.

"பாக்கெட்டுல என்ன சார்?"

"கை."

"அது தெரியுது. எடுங்க."

விரலில் பல் உரசிய கோடு. "துளி ரத்தம்கூட வரல. வுடு அஞ்சலாட்சி."

"ரத்தம் வரலன்னா வெறி வராதா? இது வந்துட்டா மருந்தே கெடையாது சார். வரதுக்கு முன்னாடி தடுத்தாத்தான் உண்டு."

குழாயைத் திறந்து சோப்புப் போட்டு விரலைப் பிடித்துக்கொண்டாள். கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். அந்த நேரம் முழுக்க மகள் தாமரைச்செல்வியின் கல்யாணத்தை நிச்சயத்திலிருந்து சொன்னாள். பாயசச் சண்டை முற்றியபோது நேரம் முடிந்தது.

"அப்புறம்?" என்றார் ஜானகிராமன்.

"மீதி ஊசி போடப் போறப்ப."

வலையோடு வந்தவர்கள் நரியைக் கொண்டுபோன கையோடு இருவரும் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். உரசிய இடத்தில் ஒன்று, புஜத்தில் ஒன்று. புஜத்தில் இன்னும் நான்கு தவணை பாக்கி.

மூன்றாவது தவணையன்று உத்தரவு வந்துவிட்டது. ஜானகிராமன் லட்டுப் பெட்டியோடு சுற்றினார். "பாத்தியா, நரி குடுத்த ஆர்டரு. நல்லாத்தான இருக்கேன், ஊசி எதுக்கு?"

"நல்லா இருக்கறப்பதான் சார் போடணும். லட்டு ஆறிப்போவாது, கெளம்புங்க." முழு அலுவலகமும் பார்க்க, புதிய கண்காணிப்பாளரைக் கழியால் ஓட்டிக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. நரிக்கு இருந்தது வெறிநோய்தான். நான்காவது தவணைக்கு ஜானகிராமன் ஒரு மணி நேரம் முன்னதாகவே தோட்டத்துக்கு வந்து நின்றார்.

ஐந்தாவது, கடைசி. ஜானகிராமன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அஞ்சலாட்சி, நான்கு தவணையிலும் இருந்ததுபோலவே, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள்.

"ஊசி அவருக்கா, ஒனக்காம்மா?" என்றாள் நர்ஸ் ஹேமலதா.

"சீக்கிரம் போடுங்க," என்றது முந்தானை.

ஊசி ஏறி இறங்கியது. ஹேமலதா சீட்டில் கடைசிக் கட்டத்தை நிரப்பினாள்.

"எல்லாம் முடிஞ்சிடுச்சி," என்றார் ஜானகிராமன். "கண்ணத் தொறங்க."

முந்தானை மெல்ல இறங்கியது. அஞ்சலாட்சி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.