பதாகையைப் பிடிக்க அவனை விடவில்லை

பிள்ளைகளே, இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. ஃபோர்மன்மீது வந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. மற்றது ஆறவில்லை.

நீங்கள் பிறக்க முன்பு, எழுபதுகளில், ஆஸ்திரேலியாவில் மெல்பேர்னுக்குப் பக்கத்து டான்டினோங்கில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். எங்களை மேய்க்கும் ஃபோர்மன் வெள்ளைக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். கறுப்பருக்கு நாற்பது வயதானாலும் "ஏய் பையா" தான்.

அதை எதிர்க்க ஒரு தேவாலய மண்டபத்தில் கூடினோம். இந்த மண்ணின் ஆதிக்குடிகள், மொரீஷியஸ்காரர், இலங்கையிலிருந்து நான். எல்லோரும் எங்களைக் கறுப்பர் என்றே சொல்லிக்கொண்டோம். ஊரில் அந்தச் சொல்லை நான் வசவாகத்தான் கேட்டிருந்தேன். அதைத் தலை நிமிர்ந்து சொல்ல எனக்குப் பழக்கியவன் பெயின்ட் பகுதியில் வேலை செய்த ஆதிக்குடித் தோழன் ஒருவன். ஒருநாள் ஃபோர்மன் என் பிடரியில் தட்டி "பையா" என்றபோது குறுக்கே வந்து நின்றான். அதற்காக அவனை மூன்று நாள் வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

ஊர்வலத்துக்கு ஒரு பதாகை. "நாங்கள் பையன்கள் இல்லை, ஆண்கள்." கறுப்புத் துணியில் சிவப்பு எழுத்து. உங்கள் அம்மாதான் வீட்டு மெஷினில் தைத்தார். ஒரு கம்பை நானும் மற்றதை அவனும் பிடிப்பதாக ஏற்பாடு.

மண்டபத்துக் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிய, எங்கள் தொழிற்சாலையிலேயே வேலை செய்த பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துக் கேட்டாள். ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

"எங்களையும்தான் அவன் சின்னப் பெட்டை எண்டு கூப்பிடுறான். எங்களுக்கு எந்தப் பதாகை?"

"முதல்ல தேத்தண்ணியைக் கொண்டுவா, ஆறப்போகுது" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அடுத்த கூட்டத்துக்குத் தோழன் வரவில்லை. அவன் ஓர் ஆணோடு குடும்பம் நடத்துகிறான் என்று அன்று கதை வந்தது. எங்கள் தலைவர் மேசையில் அடித்தார்.

"ஆம்பிளையள் எண்டு எழுதின துணியை அவன் பிடிச்சால் பொலிஸ்காரன் விழுந்து விழுந்து சிரிப்பான். வேண்டாம் எண்டிறவை கையைத் தூக்குங்கோ."

எல்லாக் கையும் எழும்பியது. என்னுடையதும்தான்.

"நீ அவன்ர கூட்டாளி. நீயே போய்ச் சொல்லு" என்றார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அவன் வாயிலிருந்த பாண் துண்டை மென்று விழுங்கிவிட்டுக் கேட்டான்.

"நீயும் கை தூக்கினியோ?"

"ஓம்."

"அப்ப நான் பையனுமில்லை, ஆம்பிளையுமில்லை. என்னை என்னெண்டு கூப்பிடுறதெண்டு ஃபோர்மனிட்டை ஒருக்காக் கேட்டுச் சொல்லு."

வீட்டுக்கு வந்தால் உங்கள் அம்மா கடைசி எழுத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். மெஷின் நின்றது.

"உங்களுக்காகக் குறுக்கை நிண்ட மனுசனெல்லோ?"

"ஓம். ஆனா எல்லாரும் சேர்ந்து…"

அவர் கத்தரிக்கோலை எடுத்து "ஆண்கள்" என்ற சொல்லின் தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.

"என்னப்பா செய்யிறீர்? நாளைக்கு ஊர்வலம்!"

"தெரியும். உங்கடை ஆம்பிளையள் ஊசி நூலோடை வந்து தாங்களே தைக்கட்டும்."

ஒருவருக்கும் தைக்கத் தெரியவில்லை. "நாங்கள் பையன்கள் இல்லை" என்பதோடு நின்ற துணியைத்தான் தூக்கிக்கொண்டு போனோம். மீதி இடத்தில் ஊசித் துளைகள். அவன் பிடிக்க வேண்டிய கம்பைத் தலைவர் பிடித்தார். அவன் வரவில்லை. குசினிப் பெண்களும் வரவில்லை. எங்கள் ஊர்வலம் ஒரு தெரு நீளம்கூட இருக்கவில்லை.

திங்கட்கிழமை ஃபோர்மன் என் பிடரியில் தட்டினான். "ஊர்வலம் எப்பிடி, பையா? அந்தப் பெட்டியைத் தூக்கு."

பெயின்ட் பகுதிக் கதவில் தோழன் நின்றான். என்னைப் பார்த்தான். அசையவில்லை. அவன் ஏன் அசைய வேண்டும்?

நான் பெட்டியைத் தூக்கினேன்.