தருவைகுளத்துச் சம்மதம்

அருணாசலவடிவு கொற்கைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பத்தாவது வரை படித்திருந்தாள். 1978இல் டாக்டர் ஹில்டா அவளை ஓர் ஆராய்ச்சி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு ஏன் ரத்தம் குறைகிறது என்று கண்டறியும் ஆராய்ச்சி. ஒரே தெருப் பிள்ளைகளைச் சோதித்துவிட்டு எல்லா இடத்திலும் இதுதான் நிலைமை என்று சொல்லிவிட முடியாது. ஆற்றங்கரை, உப்பளம், கடற்கரை என்று எல்லாப் பக்கத்துக் குடும்பங்களும் வேண்டும். வீடு வீடாகப் போய்ச் சம்மதம் கேட்பது வடிவின் வேலை.

சொந்த ஊர்ப்பக்கம் எளிதாக முடிந்தது. கடற்கரை ஊரான தருவைகுளத்தில்தான் அவள் வந்த ஜீப்பைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். கருத்தடை முகாமுக்கு ஆள் பிடித்துப்போன ஜீப்பை அங்கே யாரும் மறக்கவில்லை. மறுநாள் பஸ்ஸில் போனாள். அப்போதும் ஊசி என்றதும் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அமலோற்பவம் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

“போன வருசமும் ரெண்டு பேரு வந்து எம்மவ கையில ரத்தம் எடுத்துட்டுப் போனாவ. அவளுக்கு என்னன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லல. நீ சொல்லுவியா?”

முடிவுகள் நேரே சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும் என்று வடிவுக்குத் தெரியும். பொய் சொல்ல மனம் வரவில்லை. “கேட்டுட்டு வாரேன்க்கா” என்று திரும்பினாள்.

“அவங்க முடிவ அவங்ககிட்டயே சொல்லலன்னா, நான் இனிமே கேக்கப் போகமாட்டேன் டாக்டர்” என்று ஹில்டாவிடம் போய்ச் சொன்னாள்.

ஹில்டா ஒத்துக்கொண்டார். அந்த வாரமே வடிவோடு பஸ் ஏறி வந்து, அமலோற்பவத்தின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, முடிவைத் தாமே வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்தார்.

“பிள்ள கெடக்கட்டும். முதல்ல எங்கையில எடுங்க, பாப்போம்” என்று அமலோற்பவம் கையை நீட்டினாள். மறுவாரம்தான் மகளுக்கு எடுக்க விட்டாள்.

முடிவு வந்தது. மகளுக்குக் குறையில்லை. தாய்க்குத்தான் ரத்தம் மிகவும் குறைந்திருந்தது.

“அப்பப்போ கெறக்கமா வரும். வெயிலுன்னுல்லா நெனச்சேன்” என்றாள் அமலோற்பவம்.

அவளுக்கு மருந்து கொடுத்த கையோடு, தாய்மாரையும் ஆராய்ச்சியில் சேர்க்கவேண்டும் என்று ஹில்டா சென்னையோடு வாதாடி அனுமதி வாங்கினார். அதனால் வடிவு பழைய வீடுகளுக்கெல்லாம் மறுபடி போக வேண்டியிருந்தது. கொற்கையில் சித்தி இசக்கித்தாயிடம் ரத்தம் எதற்கு, எவ்வளவு, எப்படி எடுப்பார்கள் என்று முதல் தடவையாக முழுதாகச் சொன்னாள். போனமுறை சொந்தக்காரி கேட்கிறாள் என்றே சித்தி தலையாட்டியிருந்தாள்.

இப்போது யோசித்தாள். “இம்புட்டு இருக்கா? அப்போ எனக்கு வேண்டாம்ளா.”

வடிவு வற்புறுத்தவில்லை. “சரி சித்தி” என்று எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனாள்.