பத்தடி தூரமும் ஒரு மணி நேர விமானமும்

கோவையிலிருந்து சென்னைக்கு ஆகாய வழியில் நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். விமானத்தில் ஒரு மணி நேரம், கூடப் பத்து நிமிடம். எங்கள் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் பத்தடி. என்னைப் படுத்தியெடுத்தது அந்தப் பத்தடிதான்.

கிணத்துக்கடவில் கேட்டும் கிரில்லும் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்குச் சென்னையில் வெல்டிங் அடித்துக் காட்டும் தேர்வு, பாஸ்போர்ட்டோடு வா என்று முந்தின நாள் சாயங்காலம்தான் தகவல் வந்தது. ரயிலில் இடமில்லை. மாமா பத்தரை மணி விமானத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தார். எட்டு மணிக்காவது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

அம்மா காலண்டரைப் பார்த்தாள்.

"ஏழரையிலிருந்து ஒம்போது ராகு காலம்."

"அந்த பைலட்டும் எட்டு மணிக்குத்தாம்மா ஊட்டை உட்டுக் கெளம்புவாரு. அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லியுடலாமா?"

"நக்கல் பண்ணாத கண்ணு. பையைப் பரஸ்தானம் வெச்சுப்போடலாம்."

நல்ல நேரத்தில் பையை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாக அர்த்தம். பிறகு எந்த நேரத்திலும் எடுத்துக்கொண்டு போகலாம். காலை ஆறு மணிக்கு அம்மா என் பையைப் பக்கத்து வீட்டு அக்காவின் கட்டிலில் வைத்துவிட்டு வந்தாள். பாஸ்போர்ட், வெல்டிங் முகமூடி, கையுறை எல்லாம் அதற்குள்.

எட்டு மணிக்கு டாக்ஸி வந்தது. பையை எடுக்கப் போனால் அக்கா வீட்டுக் கதவில் பூட்டு. போன் போட்டேன்.

"எங்கீங்க்கா இருக்கறீங்க?"

"அவிநாசி கோயிலுக்குப் போறேன் சாமி. பஸ்ஸு இப்பத்தான் ஏர்போர்ட்டைத் தாண்டுது."

"எம்பையி?"

"எந்தப் பையி?"

அக்கா பின்னால் குளித்துக்கொண்டிருந்தபோது அம்மா பையை வைத்திருக்கிறாள். சொல்லவில்லை. கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் அக்காவும் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் சாவி ஏர்போர்ட்டைப் பார்த்துவிட்டது.

"பூட்டை ஒடைச்சர்றேன்மா."

"அடுத்தவங்க பூட்டையா? அதுவும் ராகு காலத்துல?"

பக்கவாட்டு ஜன்னல் திறந்திருந்தது. தேங்காய் பறிக்கும் தொரட்டியைக் கம்பிகளுக்கிடையே விட்டுப் பையின் காதைப் பிடித்தேன். வழுக்கியது. மறுபடி பிடித்தேன். டாக்ஸிக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்க, உங்க பிளேனு நிக்குமுங்களா?"

"கையைக் காட்டினா நிக்குமுங்க."

ஒருவழியாகப் பை ஜன்னலுக்கு வந்தது. கம்பிக்குள் நுழையவில்லை. இரண்டு விரலால் ஜிப்பைத் திறந்து பாஸ்போர்ட்டை மட்டும் உருவினேன். முகமூடிக்கு வழியில்லை, கையுறை அடியில் எட்டவில்லை. மணி எட்டரை.

விமான நிலையத்தில் எல்லோரும் பெட்டிகளோடு வரிசையில் நிற்க, நான் கையை வீசிக்கொண்டு போனேன். விமானத்தில் ஒரு மணி நேரமும் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவசரமாகச் செய்ய எதுவுமே இல்லாத அந்த ஒரு மணி நேரம் பெரிய இம்சை. பக்கத்தில் இருந்தவர் இரண்டு முறை என் காலைப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

தேர்வில் எனக்கு முன்னால் முடித்தவரிடம் முகமூடியும் கையுறையும் இரவல் கேட்டேன். "தொழிலுக்கு வந்தவன் வெறுங்கையோடவா வருவ?" என்றார். "பையி மட்டும் ஆறு மணிக்கே கெளம்பிருச்சுங்ணா" என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் கொடுத்தார்.

வேலை கிடைத்துவிட்டது. காலையில் கிளம்பிய பையால்தான் என்கிறாள் அம்மா. அடுத்த மாதம் பயணம். இந்த முறை பையை எந்த வீட்டில் வைக்கலாம் என்று இப்போதே அக்காவிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"எங்க வேணா வைம்மா," என்றேன். "நானும் பையோட அங்கயே ஒக்காந்துக்கறேன்."