ஸ்வெட்டர் போட்ட தேவாவும் யாருக்கும் கேட்காத வசனமும்

கம்பெனி பஸ்ஸில் என்னோடு இத்தனை வருடம் இடித்துக்கொண்டு வந்த அன்பர்களே, கிரேன் ஆபரேட்டர் தேவசகாயத்தை அறிந்த பெரியோர்களே! இங்கே நான் எழுதப்போவதில் ஒரு வரியைக்கூட நீங்கள் நம்பப்போவதில்லை. இதை மிகுந்த பணிவோடும் பொறுப்போடும் முன்கூட்டியே உறுதி கூறுகிறேன். இந்தக் கோதண்டம் வாயைத் திறந்தால் கும்மிடிப்பூண்டியில் பொய்யின் விலை குறைந்துவிடும் என்று சொன்னவனே தேவாதான். அவனைப் பற்றி எழுதும்போது அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. 'அவர்' என்றுதான் எழுதவேண்டும். எழுதிப் பார்த்தேன். யாரோ மேனேஜரைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. அடித்துவிட்டேன்.

காலை நாஷ்டாவுக்கு உட்கார்ந்து முதல் இட்லியைப் பிய்த்திருந்தேன். தேவாவின் மகள் பியூலா போன் செய்தாள். "மாமா, அப்பா போயிட்டாரு." எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, "எத்தனாவது டேக்கும்மா?" என்று கேட்டுவிட்டேன். அவள் அழுதாள். காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லையாம். இட்லி கையிலேயே இருந்தது. தின்பதா வைப்பதா என்று எனக்கு விளங்கவில்லை. நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரிந்தால் நீங்கள் என்னை மன்னிப்பீர்கள். தேவா இதற்கு முன்பும் செத்திருக்கிறான். நானே பார்த்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் நம் தொழிற்பேட்டையில் ஒரு சினிமா எடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? பெயர் மூன்று முறை மாறியது. நான்காவது பெயர் டைரக்டருக்கே மறந்துவிட்டது. வெளிநாட்டில் ஒரு கோடைகாலம், அதில் ஒரு சிக்கலான காதல், அதுதான் கதை. வெளிநாடு போக விசா கிடைக்காததால் வெளிநாடே கும்மிடிப்பூண்டிக்கு வந்தது. மூடிக்கிடந்த ஒரு பழைய ஆலையின் செங்கல் கட்டடத்துக்கு முன்னால் குடை வைத்த மேசைகளைப் போட்டார்கள். வேப்பமரத்துக்குக் காகிதப்பூ கட்டினார்கள். காபிக்கடை முதலாளியாக நடிக்க ஒரு வெள்ளைக்காரர் தேவைப்பட்டார். நம் தேவாவுக்குப் பூனைக்கண். வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.

அது கத்திரி வெயில். பறந்துபோன காக்கா பாதி வழியில் வறுபட்டு, மேசைமேல் இருந்த தட்டிலேயே விழுந்தது. தார் ரோடு பாயசமாக ஓடியது. அந்த வெயிலில் தேவாவுக்குக் கம்பளி ஸ்வெட்டர் மாட்டினார்கள்.

"சார், வெளிநாட்லயும் இது வெயில் காலம்தானே? இன்னாத்துக்கு ஸ்வெட்டரு?" என்று தேவா கேட்டான்.

"ஸ்வெட்டர் இல்லன்னா இது கும்மிடிப்பூண்டின்னு தெரிஞ்சிடும் சார்" என்றார் டைரக்டர்.

கடைசியில் காபிக்கடை முதலாளி இறந்துவிடுகிறார். கோட்டும் டையும் மாட்டி, தேவாவைச் சவப்பெட்டியில் படுக்கவைத்தார்கள். அந்த நேரம் பார்த்து ஷேர் ஆட்டோவில் அவனுடைய அத்தை அந்தப் பக்கம் வந்துவிட்டார். பெட்டிக்குள் மருமகனைப் பார்த்ததும் அவர் எழுப்பிய ஓலம் சோழவரம் ஏரியில் அலையடித்தது. தேவா ஒரு கண்ணை மட்டும் திறந்து, "அத்தே, கேமரா ஓடிக்கினு இருக்குது. அப்பால அழு" என்றான். அந்த அழுகை நன்றாக இருக்கிறது என்று சொல்லி டைரக்டர் அத்தையை மறுபடியும் அழச் சொன்னார். அத்தை மறுத்துவிட்டார். "செத்தவன் பேசிட்டான், இனிமே எனக்கு அழுகை வராது" என்றார். போன வாரம் அதே அத்தையை, இன்னும் கொஞ்சம் கூனிப்போய், அவன் தலைமாட்டில் பார்த்தேன். அவர் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்தின் கதை எனக்கு இன்றுவரை புரியவில்லை. உங்களில் யாருக்காவது புரிந்திருந்தால் நீங்கள் பொய் சொல்கிறீர்கள். ஒரு பையன் வெளிநாடு போகிறான். ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். அவள் அவன் நண்பனைக் காதலிக்கிறாள். நண்பனோ, போன கோடையில் பார்த்த வேறு ஒருத்தியை நினைத்துக்கொண்டிருக்கிறான். இவர்கள் எல்லாரும் காபிக்கடை முதலாளியிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். அவர் கதையோ அதைவிட மோசம். வருடா வருடம் கோடையில் மட்டும் ஒரு அம்மாள் அவரைப் பார்க்க வருகிறார். கோடை முடிந்ததும் போய்விடுகிறார். இரண்டு பேருக்கும் பிரியம். ஆனாலும் அந்த அம்மாளை அவரே பஸ் ஏற்றி அனுப்புகிறார்.

தேவா இதை விடவில்லை. "அவனும் லவ் பண்றான், அவளும் லவ் பண்றா. அப்பால ஏன் சார் பஸ் ஏத்தி அனுப்பறான்?"

"அதான் சார் காம்ப்ளிகேட்டட்" என்றார் டைரக்டர்.

"நான்கூடத்தான் டெய்லி ஊட்ல பொண்டாட்டியை வுட்டுட்டு பஸ் ஏறி வர்றேன். அப்ப நானும் காம்ப்ளிகேட்டடா?"

டைரக்டர் தலையைச் சொறிந்துகொண்டு, "அதே ஃபீலிங் குடுங்க சார். வாய்க்கு வந்ததைப் பேசுங்க. அப்புறம் டப்பிங்ல பாத்துக்கலாம்" என்றார். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குழப்பமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதற்குமுன் எங்கள் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும், பஸ்ஸில் ஏறாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். எங்கள் கம்பெனி இரும்பை உருக்கி வார்க்கும் கம்பெனி. தேவா மேலே, ஷெட்டின் கூரையோரம் ஓடும் கிரேன் கேபினில் இருப்பான். நான் கீழே. சங்கிலியை மாட்டிவிட்டு, தூக்கு, இறக்கு, நகர்த்து என்று கையால் சைகை காட்டுவேன். அந்த ஷெட்டின் சத்தத்தில் பக்கத்தில் குண்டு வெடித்தாலும் யாரோ தும்மினதுபோல்தான் இருக்கும். அதனால் அங்கே யாரும் குரலைச் செலவழிப்பதில்லை. வாயை மட்டும் அசைப்போம். எதிரில் இருப்பவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். "சத்தமா பேசினா பாதி கேக்கும், சத்தம் போடாம பேசினா முழுசா கேக்கும்" என்பான் தேவா. மேலே இருந்து அவன் என்னைத் திட்டிய வசவுகள் ஒரு லாரி பாரம் இருக்கும். ஒன்றுகூட என் காதில் விழுந்ததில்லை. ஒன்றுகூடத் தப்பியதும் இல்லை.

சரி, அந்த பஸ் ஏற்றும் காட்சி. பொன்னிற டோப்பா வைத்த ஒரு நடிகை. கையில் பெட்டி. எதிரில் ஸ்வெட்டரில் தேவா. வெளிச்சத்துக்காக நான் தேவாவின் முதுகுக்குப் பின்னால் தெர்மாகோல் அட்டை பிடித்து நின்றேன். 'ஆக்‌ஷன்' என்றதும் இருபது டன் தூக்கும் மனிதன் ஷெட்டில் பேசுகிற மாதிரியே பேசினான். அதாவது குரலே இல்லாமல். பழக்கதோஷம். யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. நடிகை மட்டும் திடுக்கிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். கட் சொன்னபிறகு அவன் ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். வியர்வை என்றான். அந்த வெயிலுக்கு அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது.

படம் வந்தது. பஸ்ஸோடு போய்ப் பார்த்தோம். தேவாவின் மனைவி எஸ்தர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்தக் காட்சியில், பாதாளத்திலிருந்து வருகிற மாதிரி ஒரு கனத்த குரல், காதல், கோடை, நதி, நிலா என்று நீட்டி முழக்கியது. தேவாவின் வாய் மூடின பிறகும் குரல் பேசிக்கொண்டிருந்தது. தியேட்டரே விசிலடித்தது. நான் விசிலடிக்கவில்லை. இந்தத் தடவைதான் அவன் முகத்தை முன்னாலிருந்து பார்த்தேன். உதட்டைப் படித்துவிட்டேன்.

மறுநாள் ஷிஃப்டில் மேலே பார்த்து, "தெரிஞ்சிடுச்சு மச்சான்" என்று வாயசைத்தேன். தேவா கேபினிலிருந்து கையை வெளியே நீட்டி விரல்களை இறுக்க மூடிக் காட்டினான். எங்கள் பாஷையில் அதற்கு, பாரம் அப்படியே தொங்கட்டும், ஏற்றாதே, இறக்காதே என்று அர்த்தம். அந்தச் சைகையை மீறியவன் எங்கள் ஷெட்டில் கிடையாது. பஸ்ஸில் நீங்கள் எல்லாரும் "தேவா இன்னா பேசினாரு மாமா?" என்று என்னைக் குடைந்தீர்கள். பொன்னேரி, கவரைப்பேட்டை, ஆரணி, பெரியபாளையம் என்று பஸ் ஸ்டாப் பெயர்களை இங்கிலீஷ்காரன் மாதிரி ராகம் போட்டுச் சொன்னான் என்று அள்ளிவிட்டேன். நீங்களும் நம்பினீர்கள். நான் சொன்னதில் நீங்கள் நம்பியது அது ஒன்றுதான்.

எஸ்தர் நம்பவில்லை. அவள் சண்டை போடுகிறவள் இல்லை. குழம்பு நன்றாக வந்த நாட்களில் மட்டும் கேட்பாளாம்: "அந்த டோப்பாக்காரி கைல இன்னா சொல்லி அழுத?" ஒருநாள் ஜெபம் பண்ணினேன் என்றானாம். ஒருநாள் பசிக்குதுன்னு சொன்னேன் என்றானாம். கிரேனுக்கு கிரீஸ் போடணும்னு சொன்னேன் என்றும் ஒருநாள். அவன் ஏன் மறைத்தான்? வெட்கமா? வீட்டுப் பேச்சை வேறொரு பெண்பிள்ளை முகத்துக்கு நேரே பேசிவிட்டோம் என்ற கூச்சமா? அதற்கு எதற்கு இத்தனை வருடம்? கேட்டிருக்கலாம். பாரம் தொங்கிக்கொண்டே இருந்தது. ஆள் போய்விட்டான்.

நினைவு ஜெபம் முடிந்து, சாப்பிட்டவர்கள் எல்லாம் கிளம்பிய மத்தியானம். எஸ்தர் என்னைக் கூப்பிட்டாள். டிவியில் அந்தக் காட்சியை நிறுத்திவைத்திருந்தாள் பியூலா.

"அண்ணா, அவரு வாய் பேசறது உனக்குத் தெரியும்னு சொல்லுவாரு. இன்னா சொன்னாருன்னு சொல்லு. புளுகக் கூடாது."

இதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. வாழ்நாள் முழுக்கப் பொய்யாகப் பேசியவனிடம் ஒரு உண்மையைக் கேட்கிறாள். சொன்னாலும் எப்படி நம்புவாள்? பியூலா எழுந்து வராந்தாவுக்குப் போய், கண்ணாடி ஜன்னலைச் சாத்திவிட்டு, அந்தப் பக்கம் நின்று குரலில்லாமல் வாயசைத்தாள். அம்மாவுக்காகப் பரீட்சை வைக்கிறாள்.

நான் படித்தேன்: "'இந்த மாமா ஒரு டுபாக்கூர். நம்பாதம்மா.' அவ்ளோதானேம்மா?"

பியூலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். எஸ்தர் சிரித்துவிட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஓட்டு" என்றாள்.

சத்தத்தை நிறுத்தினோம். நதியும் நிலாவும் போய்விட்டன. தேவா மட்டும் இருந்தான். அவன் கை மூடியதுதான் எனக்குக் கண்முன்னால் நின்றது. இனி அதைத் திறந்துகாட்ட அவனால் முடியாது என்பதால் நானே முடிவெடுத்தேன். இறக்கினேன்.

"'எஸ்தரு. கேஸை மூடிட்டியா? ஒரு தபா போய்ப் பாத்துக்கோ. மாத்திரை போட்டுக்கோ. நான் வந்துர்றேன்.'"

பஸ்ஸுக்கு ஓடும்போது வாசலில் நின்று தினமும் அவன் சொல்கிற வார்த்தைகள்தான். தினமும் அவள் எரிந்துவிழுகிற வார்த்தைகளும் அவைதான். மறுபடியும் ஓட்டச் சொன்னாள். இந்தமுறை அவன் உதட்டோடு அவளே சொன்னாள். ஒரு எழுத்துகூட முந்தவில்லை, பிந்தவில்லை.

"அதுக்கப்பறமும் இன்னாவோ சொல்றாரேண்ணா?"

சொல்கிறான். சரியாக அந்த இடத்தில் நடிகை திரும்புகிறாள், டோப்பா அவன் வாயை மறைத்துவிடுகிறது. "டோப்பா மறைக்குதும்மா. தெரியலை" என்றேன்.

"எதுனா புளுகி சொல்லேன்."

அன்பர்களே, எனக்கு ஒரு பொய்கூட வரவில்லை. ஒன்றுகூட. பிறகு அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

இந்த அஞ்சலியை எப்படி முடிப்பது என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது. அழுதேனா என்றால் வியர்வை என்பேன். அவனிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த நாலு வரிதான். இப்போது வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் என் மனைவியிடம் அதைச் சொல்கிறேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறாள், பார்க்கட்டும். வறுபட்ட காக்காவை நீங்கள் நம்பவேண்டாம். பாயசமாக ஓடிய தார் ரோட்டையும், அலையடித்த சோழவரம் ஏரியையும் தள்ளிவிடுங்கள். உதட்டைப் படித்ததைக்கூட உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன். ஒரு சின்ன விஷயம் மட்டும் சத்தியமாக நிஜம். எஸ்தர் உள்ளே போய்ப் பார்த்தபோது கேஸ் மூடியிருக்கவில்லை.