ஞாயிற்றுக்கிழமை புறப்பட்ட கப்பல்

இப்போதைய பேசும்படங்களில் ஊரே இடிந்து விழுகிறது, ஆறு கரையை உடைக்கிறது. பக்கத்தில் இருப்பவர் வாயைப் பிளந்துகொண்டிருக்க, நான் கச்சான் கடலை உடைக்கிறேன். வெள்ளத்தில் போகிறவன் யாரென்று தெரியாவிட்டால் எனக்கென்ன? இந்த ஞானத்தை நான் குருநகரில் ஒரு பிழை விட்டுத்தான் பெற்றேன்.

படங்கள் பேசாத காலத்தில் அவற்றுக்காகப் பேசியவன் நான். கூடாரத்தில் திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு நின்று கதையை விளங்கப்படுத்துவது என் உத்தியோகம். கொக்குவில் தோட்டக்காரனின் பிள்ளை. கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. அப்படிப்பட்டவனுக்குப் புயலில் கப்பல் உடைகிற படம் வாய்த்தது.

முதலாளி செலவைப் பார்க்கவில்லை. இடிக்குத் தகரம், மழைக்குச் சல்லிக்கல் போட்ட பீப்பா, முன்வரிசைக்குத் தெளிக்க ஒரு வாளி தண்ணீர். நானும் கப்பலில் யார் எவர் என்பதையெல்லாம் விட்டுவிட்டு, நேரே புயல் காட்சிக்குத் தாவித் தொண்டை கிழியக் கத்தினேன். பார்க்க வந்தவர்களோ கடலிலேயே பிழைக்கிற குருநகர் மீனவர்கள்; படத்தில் இருந்ததோ தொட்டித் தண்ணீரில் எழுப்பிய அலை.

"உது கடலே? உதுக்குள்ளை எங்கடை சின்னவள் உடுப்புத் தோய்ப்பாள்," என்றார் ஒருவர். கூடாரம் சிரித்தது. கப்பல் தாழும்போது பாதிப் பேர் எழும்பிப் போய்விட்டார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஐசே, நாளைக்கும் சனம் இப்பிடி எழும்பிப் போனால், நான் கூடாரத்தைக் கழட்டிக்கொண்டு நெல்லியடிக்குப் போறன். நீர் கொக்குவிலுக்குப் போய்ப் புகையிலைக்குத் தண்ணி இறையும்."

தண்ணீர் இறைக்க எனக்குத் தெரியும். அதனால்தான் பயந்தேன்.

மறுநாள் அந்தப் பயத்தில் நாக்கு தன்பாட்டில் ஓடியது. படத்தின் தொடக்கத்தில் மாலுமி ஒருவன் வாசலில் மனைவியோடு நிற்பான். "ஞாயிற்றுக்கிழமை காலமை, கப்பல் புறப்படுகுது," என்று சும்மா அடித்துவிட்டேன்.

கூடாரம் அடங்கிப்போனது. முன்னால் இருந்த மீன் விற்கிற பெண் கேட்டாள்: "ஞாயிற்றுக்கிழமையோ? பூசை நாளிலை ஆர் தம்பி கடலுக்குப் போறது?"

ஞாயிற்றுக்கிழமை வள்ளம் தள்ளமாட்டார்கள் என்பது அந்தக் கத்தோலிக்க ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. பிழையை ஒப்புக்கொண்டால் புகையிலைத் தோட்டம்.

"மச்சான்காரன் அவனைப் பயந்தாங்கொள்ளி எண்டு சொல்லிப்போட்டான், அக்கா. அந்த ரோசத்திலை போறான். பெண்சாதி மறிக்கிறாள்."

"மறிக்கத்தானே வேணும்," என்றாள் அவள்.

"மச்சான்மாற்றை வாய் அப்பிடித்தான்," என்றது ஆண்கள் பக்கம். "உவனுக்கும் மூளை வேணுமே."

அதற்குப் பிறகு எனக்கு வேலை குறைந்தது. அவன் கயிற்றைப் பிடித்தால் பிடித்த விதத்தில் குறை சொன்னார்கள். கரையைத் திரும்பிப் பார்த்தால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். நேற்றைய அதே தொட்டித் தண்ணீர்தான் அலையாக எழும்பியது. தகரக்காரன் இடியைத் தொடங்கினான்.

"உந்தத் தகரத்தை வையும்," என்றாள் மீன்காரப் பெண். "அவன்ரை முகத்தைப் பாக்க விடும்."

நானும் வாயை மூடினேன். என் வாழ்நாளில் நான் கொடுத்த விளக்கங்களில் மிகச் சிறந்தது அந்த மௌனம்தான் என்று இன்றைக்கும் மார்தட்டுவேன். அலை அவனை மூடியபோது திரை வெளிச்சத்தில் சிலுவை போடுகிற கைகள் தெரிந்தன. ஒருவரும் எழும்பவில்லை. பீப்பாவும் வாளியும் தொடுவாரின்றிக் கிடந்தன.

சனம் கலைந்த பிறகு முதலாளி வந்து என் தோளில் கை வைத்தார். "ஐசே, உந்த மச்சான்காரன்ரை கதையை நேற்று ஏன் சொல்லேல்லை?"

"நேற்று அவனுக்கு மச்சான் இல்லை, முதலாளி."

முதலாளி வாளியைத் தூக்கித் தண்ணீரை வெளியே ஊற்றினார்.

"நாளைக்கும் அந்த மச்சான் இருக்கட்டும்," என்றார். "நீரும் இரும்."