லாத்தாவின் இத்தா முடிந்த பிறகு

எங்கள் காயல்பட்டினத்தில் கல்யாணமானாலும் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவார். அதனால் என் லாத்தாவை, கூடப்பிறந்த அக்காவை, நான் ஒருநாளும் பிரிந்ததில்லை. இருந்தும் இரண்டு வருஷமாக அவளுக்காகத்தான் ஏங்கிக் கிடந்தேன். அடுத்த அறையில்தான் இருந்தாள்.

லாத்தாவின் மாப்பிள்ளை, எங்கள் மச்சான், துபாயில் மாரடைப்பில் போனார். அங்கேயே அடக்கம். லாத்தா கடைசியாக முகம்கூடப் பார்க்கவில்லை. கணவனை இழந்தவள் சில மாதம் வீட்டுக்குள்ளேயே ஒதுங்கியிருக்கும் இத்தாவில் உட்கார்ந்தாள். பேச்சில்லை, சாப்பாடில்லை, சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். வந்த சொந்தக்காரிகளுக்கோ மெத்தப் பெருமை. "இத்தா இருந்தா இப்படில்லா இருக்கணும்" என்று மெச்சிவிட்டுத் தேயிலை குடித்துப் போனார்கள். நாங்களும் நம்பினோம். இத்தா முடிந்து கதவைத் திறந்துவிட்ட பிறகும் அவள் வெளியே வரவில்லை. இது நோய் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததுண்டா என்று தூத்துக்குடி டாக்டர் கேட்டார். உம்மா முந்திக்கொண்டாள். "எங்க குடும்பத்துல அப்படியெல்லாம் கிடையாது டாக்டர்."

எங்கள் தம்பி கைக்குழந்தையாக இறந்தபோது, மாதக்கணக்கில் அடுப்படிப் பக்கமே வராமல் கிடந்தவள் இதே உம்மாதான். நான் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை உம்மா என்னோடு பேசவில்லை.

ரத்தத்தில் வருவது மட்டுமே நோயாகிவிடாது, துக்கப்படுகிற எல்லோரும் விழுந்துவிடுவதுமில்லை, இரண்டும் சேரும்போது சிலரால் எழுந்திருக்க முடிவதில்லை என்றார் டாக்டர். தாயைப் போல பிள்ளை என்பார்கள். நானும் அதே தாய்க்குப் பிறந்தவள்தானே. என் மாப்பிள்ளையும் வளைகுடாவில்தான் இருக்கிறார். என்மேல் இன்னும் அடி விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாத்திரை மெல்லத்தான் வேலை செய்தது. லாத்தா குளித்தாள், சோறு கேட்டாள். ஆனால் என் சமையலைப் பழித்து, என் தலையில் குட்டுகிற லாத்தா எங்கே? அவளுடைய ஒரு வசவுக்காக வேண்டுமென்றே மீன் குழம்பில் உப்பைக் கூட்டிப் போட்டேன். பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

போன வாரம் ஒருநாள் என் மாப்பிள்ளையிடமிருந்து போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அடுப்படியில் போனைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். லாத்தா வந்து அதை வாங்கி மேடையில் வைத்தாள்.

"ஏளா, நேத்துலேர்ந்து நீ சாப்பிடலியே. எனக்கும் முதல்ல பசிதான் போச்சு."

எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அவளிடம் அழுது எவ்வளவு காலமாயிற்று.

"அடுத்த தடவ டாக்டர்ட்ட போவும்போது நீயும் வா," என்றாள். "என்னத்தான் யாரும் கேக்கல. உன்னக் கேக்க நான் இருக்கேன்லா."